சுவரில் வரைந்த நாகதாளி

என் தங்கை மகன் சென்னையில் ஒரு கம்பெனியில் உத்தியோகம் பார்க்கிறான். நான் எப்போதாவது பட்டணத்துக்குப் போனால், எங்கேயாவது அழைத்துக்கொண்டு போய் விருந்து வைக்காமல் அவன் என்னை ரயிலேற்றுவதில்லை. இந்த விருந்து விஷயத்தில் அவனுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எங்கள் ஊரில் நான் சாப்பிடுகிற பண்டம் எதையும் அவன் செலவில் சாப்பிட்டுவிடக் கூடாது. ஒரு தடவை சீனா. ஒரு தடவை இத்தாலி. சென்ற தடவை போனபோது, “மாமா, இன்னைக்கு மெக்ஸிகோ” என்றான்.

“அங்கே காரம் எப்படி?” என்று கேட்டேன். கோவில்பட்டிப் பக்கத்து மனிதன் வேறு என்ன கேட்பான்?

“காரமெல்லாம் நம்ம காரந்தான். ஆனா அங்க சாப்பாடு முக்கியமில்ல மாமா. அட்மாஸ்பியர்! அதுக்காகவே போகணும்.”

சாப்பாடு முக்கியமில்லாத ஓர் இடத்துக்குப் பசியோடு இருப்பவனை அழைத்துக்கொண்டு போவது என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் போனேன்.

உள்ளே ஒரே மங்கல். கண் பழகிய பிறகு பார்த்தால், சுவரெல்லாம் செம்மண் பூசின மாதிரி வர்ணம். பூச்சு பெயர்ந்து செங்கல் தெரிகிற மாதிரி அங்கங்கே வேண்டுமென்றே ஒரு சிதைவு. எங்கள் ஊரில் வீட்டுச் சுவர் அப்படியிருந்தால் பெண் கொடுக்க யோசிப்பார்கள். மேலே குறுக்கும் நெடுக்குமாக, ஓட்டை ஓட்டையாக வெட்டிய வர்ணக் காகிதத் தோரணம். தூண்களில் கோடு போட்ட கம்பளிகள். குடை போல் அகன்ற வைக்கோல் தொப்பிகள். எங்கோ ஒளித்து வைத்த பெட்டியிலிருந்து கிதார் சங்கீதம். பரிமாற வந்த பையன் தலையிலும் அந்தத் தொப்பிதான். விசாரித்தேன். மணிப்பூரிலிருந்து வந்தவனாம். மெக்ஸிகோ எந்தத் திசையில் இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்த அளவுதான் அவனுக்கும் தெரியும்.

எங்களை உட்கார வைத்த இடத்தில், தரையிலிருந்து கூரை வரைக்கும் சுவர் முழுதும் ஒரு சித்திரம். பச்சைப் பசேலென்று, கை விரித்த மாதிரி, தட்டைத் தட்டையாக, முள்ளும் சிவப்புப் பழமுமாக. நான் அண்ணாந்து பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது.

“என்ன மாமா?”

“அட, இது நம்ம நாகதாளில்லா! இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் பெட்ரோல் செலவழிச்சு வந்தோம்?”

பட்டணத்து வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. சப்பாத்திக்கள்ளி என்று பிற ஊர்களில் சொல்லுகிற செடியைத்தான் சொல்லுகிறேன். கரிசல் காட்டில் பிறந்தவர்களுக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஓடைக்கரை, புறம்போக்கு, சுடுகாட்டுப் பாதை என்று மனிதன் வேண்டாமென்று விட்ட இடமெல்லாம் அதற்குச் சொந்தம். பழத்தைப் பறிப்பதே ஒரு வித்தை. ஒரு குச்சியால் தட்டிவிட்டு, மண்ணில் போட்டுச் செருப்புக்காலால் உருட்டி, கண்ணுக்குத் தெரியாத பூமுள்ளையெல்லாம் உதிர்க்க வேண்டும். பிறகு பிளந்து, உள்ளே நட்சத்திரம் மாதிரி இருக்கிற முள்ளை எடுத்துப் போட வேண்டும். அது தொண்டையில் சிக்கினால் ஆபத்து என்று பெரிய பையன்கள் சின்னப் பையன்களை மிரட்டுவார்கள். தின்று முடித்தால் வாயும் நாக்கும் விரலும் ரத்தச் சிவப்பு. காடு மேடு சுற்றினோம் என்பதற்கு அந்தச் சிவப்பே சாட்சி. வீட்டில் அடி விழுவதற்கு வேறு விசாரணை தேவையில்லை.

மெக்ஸிகோக்காரர்களுக்கு இது கேவலமான செடியல்ல. அவர்களுடைய தேசக் கொடியின் நடுவில் நாகதாளிதான் இருக்கிறது. நாகதாளியின் மேல் ஒரு கழுகு உட்கார்ந்து பாம்பைக் கவ்விக்கொண்டிருக்கும் காட்சியை எங்கே காண்கிறீர்களோ அங்கே தலைநகரை அமையுங்கள் என்று குலதெய்வம் உத்தரவிட்டதாம். அஸ்டெக் ஜனங்கள் அலைந்து திரிந்து, ஓர் ஏரித் தீவில் அந்தக் காட்சியைக் கண்டு, 1325-ம் வருஷம் நகரம் அமைத்தார்கள் என்பது ஐதிகம். இன்றைய மெக்ஸிகோ நகரம் அந்த இடத்தில்தான் நிற்கிறது. இளந்தட்டையை முள் சீவிக் கறி சமைக்கிறார்கள். பழத்தைச் சந்தையில் கூறு வைத்து விற்கிறார்கள்.

இதற்குள் சாப்பாடு வந்தது. மூன்று கால் வைத்த ஒரு கருங்கல் சட்டியில் ஏதோ அரைத்த சட்னி. தக்காளியும் மிளகாயும் வெங்காயமும். மக்காச்சோள மாவில் மெல்லிய ரொட்டி. அதற்குள் கோழிக் கறி. பக்கத்தில் வேகவைத்து மசித்த பயறு. மருமகன் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லிக்கொண்டே வந்தான். கல்சட்டிக்குப் பெயர் மொல்கஹேத்தே. வாசல் ஓரத்தில் இன்னொரு கல்லை அழகுக்காக வைத்திருந்தார்கள். சரிவான கல், மேலே உருட்டுகிற குழவி. அதற்குப் பெயர் மெத்தாத்தே. என்ன பெயராயிருந்தால் என்ன, நம் வீட்டு அம்மிக்கு அது ஒன்றுவிட்ட சகோதரி.

சாப்பிடச் சாப்பிட எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. இந்தத் தட்டில் கோவில்பட்டித் தாலுகாவுக்குத் தெரியாத பண்டம் அநேகமாக ஒன்றுமே இல்லை. ஆனால் அவை எங்களிடம் வந்த விதம் வேடிக்கையானது. எல்லாமே வேறு யாருடைய பெயரையோ சொல்லிக்கொண்டுதான் வந்திருக்கின்றன.

மிளகாயைப் பாருங்கள். மெக்ஸிகோவில் ஆயிரக்கணக்கான வருஷங்களாகப் பயிரிட்ட காய். ‘சில்லி’ என்பதே அஸ்டெக்குகளின் நஹுவா மொழிச் சொல். 16-ம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கப்பலில் இந்தியாவுக்கு வந்தது. நாம் நம்முடைய மிளகின் பெயரைக் கடன் கொடுத்து, ‘மிளகுக்காய்’ என்று ஒரு பெயர் வைத்து, இரண்டு மூன்று தலைமுறையில் அது வெளியூர் என்பதையே மறந்துவிட்டோம். இன்று விளாத்திகுளம், சாத்தூர் பக்கம் மாசி பங்குனியில் போய்ப் பார்த்தால் களமெல்லாம் சிவப்புப் பாய் விரித்த மாதிரி காயும். கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் கே.1, கே.2 என்று மிளகாய் ரகங்களே பிறந்திருக்கின்றன. அந்த ‘கே’ கோவில்பட்டியின் ‘கே’!

தக்காளியும் இப்படித்தான். அதுவும் நஹுவா மொழிக்காரர்களின் ‘தொமாத்தல்’. நம்முடைய மணத்தக்காளியின் பெயரை வாங்கிக்கொண்டு, சமையலறைக்குள் நுழைந்துவிட்டது. மக்காச்சோளம் ஏறக்குறைய 9,000 வருஷங்களுக்கு முன் மெக்ஸிகோவின் தென்மேற்கில் ஒரு காட்டுப் புல்லிலிருந்து மனிதன் உண்டாக்கிய தானியம். அதற்கு மக்கா நகரத்தின் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது.

பருத்தி சமாசாரம் இன்னும் வேடிக்கை. கோவில்பட்டியில் 1901-ம் வருஷம் விவசாய ஆராய்ச்சிப் பண்ணை ஏற்பட்டது, முக்கியமாகப் பருத்திக்காகத்தான். கரிசலுக்கு வாகான நாட்டுப் பருத்தி கருங்கண்ணி. அதற்குச் சில வருஷங்களுக்குள் கம்போடியா பருத்தி என்று ஒன்று வந்து, தோட்டக்கால் செம்மண்ணில் கிணற்றுப் பாசனத்தில் பிரமாதமாகக் காய்த்தது. கம்போடியா தேசத்திலிருந்து வந்ததால் அந்தப் பெயர். ஆனால் அந்தப் பருத்தி இனத்துக்குப் பூர்வீகம் கம்போடியாவா? இல்லை. அதுவும் மெக்ஸிகோப் பக்கந்தான். இப்படி மிளகின் பெயரிலும் மக்காவின் பெயரிலும் கம்போடியாவின் பெயரிலுமாக மெக்ஸிகோ எங்கள் கரிசலில் வந்து குடியேறியிருக்கிறது. மெக்ஸிகோ என்ற பெயரில் மட்டும் ஒன்றுகூட வரவில்லை.

நாகதாளிக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அந்தச் செடியில் வாழும் ஒரு பூச்சியை நசுக்கினால் அருமையான சிவப்புச் சாயம் கிடைக்கும். ஸ்பெயின்காரர்கள் மெக்ஸிகோவிலிருந்து வெள்ளிக்கு அடுத்தபடியாக இந்தச் சாயத்தில்தான் பணத்தை அள்ளினார்கள். ராணுவத்துக்குச் சிவப்புச் சட்டை போட்டிருந்த வெள்ளைக்காரக் கம்பெனிக்கு இதைப் பார்த்து நாக்கில் நீர் ஊறாமல் இருக்குமா? ஜேம்ஸ் ஆண்டர்ஸன் என்ற டாக்டர், 18-ம் நூற்றாண்டின் கடைசியில், சென்னை சைதாப்பேட்டைப் பக்கம் இதற்காகவே ஒரு நாகதாளித் தோட்டம் போட்டார். 1795-ம் வருஷம் பிரேஸிலிலிருந்து ஒரு காப்டன் பூச்சியும் கொண்டுவந்து சேர்த்தார். ஆனால் வந்தது அசல் பூச்சியல்ல, மட்ட ரகம். சாயம் சரியாக ஏறவில்லை. திட்டம் படுத்துவிட்டது.

பூச்சியின் வேலை அத்தோடு முடியவில்லை. அது ஒரு ஜாதி நாகதாளியைத்தான் தின்றது. இன்னொரு ஜாதியைத் தொடவில்லை. தொடாத ஜாதி தென்னாட்டுக் காடுகளில் கட்டுக்கடங்காமல் பெருகி, மாடு நுழைய முடியாமல், ஏர் நுழைய முடியாமல் அடைத்துக்கொண்டது. கடைசியில் 1926-ம் வருஷம், வட அமெரிக்காவைச் சேர்ந்த வேறொரு பூச்சியை இலங்கையிலிருந்து தருவித்து விட்டார்கள். சில வருஷங்களுக்குள் கோட்டைச் சுவர் மாதிரி நின்ற நாகதாளியெல்லாம் வெள்ளைப் பஞ்சு பூத்து, அழுகிச் சரிந்தது. நான் சிறுவனாக இருந்தபோது தின்றது அந்தப் பிரளயத்தில் தப்பிப் பிழைத்த செடிகளின் பழம்.

ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்தச் சுவர் என்னை விடவில்லை. பண்டத்தைக் கப்பலில் கொண்டுபோகலாம். ஒரு தேசத்தின் காற்றையும் வெளிச்சத்தையும் கட்டி எடுத்துக்கொண்டு போய் நாலு சுவருக்குள் விற்கலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியது? சென்னைக்கே இது புதிதல்ல. கதீட்ரல் ரோட்டில் ‘டான் பெப்பே’ என்று ஒரு மெக்ஸிகோ ஹோட்டல் பல வருஷங்களுக்கு முன்பே இருந்தது. நான் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். வழி அமெரிக்காவுக்குப் போயிற்று.

டெக்ஸாஸ் மாகாணத்தில் ஸான் அன்டோனியோ என்ற ஊர். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பொழுது சாய்ந்ததும் அங்கே மெக்ஸிகோப் பெண்கள் சந்தை மைதானத்துக்குச் சட்டி பானைகளோடு வருவார்கள். பலகை மேஜைகள், லாந்தர் வெளிச்சம், விறகடுப்பு, மிளகாய் போட்டுக் கொதிக்கிற மாட்டிறைச்சிக் குழம்பு. ரயிலில் வந்த பிரயாணிகள் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பரவசப்பட்டார்கள். பத்திரிகைக்காரர்கள் அந்தப் பெண்களுக்கு ‘மிளகாய் ராணிகள்’ என்று பட்டம் சூட்டினார்கள். ராணி என்று பெயரே தவிர, நின்றது தெருவில். ஒரு மைதானத்திலிருந்து இன்னொரு மைதானத்துக்கு விரட்டப்பட்டார்கள். 1930-களில் சுகாதார அதிகாரிகள் வந்தார்கள். ஈ மொய்க்கிறது, பாத்திரம் கழுவ வசதியில்லை என்றார்கள். ஒரு பத்து வருஷத்துக்குள் ராணிகள் இல்லை. குழம்பு மட்டும் இருந்தது. அந்தப் பக்கத்தில் குடியேறிய கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியர் 1890-களிலேயே மிளகாய்ப்பொடியைச் சீசாவில் அடைத்து விற்கத் தொடங்கியிருந்தார்.

அடுத்தது லாஸ் ஏஞ்சல்ஸ். அந்த நகரம் ஒரு காலத்தில் மெக்ஸிகோவுக்குச் சொந்தம். 1848-ல் யுத்தம் முடிந்தபோது அமெரிக்காவுக்குப் போயிற்று. பழைய ஊரின் நடுவே ஒல்வேரா தெரு என்று ஒரு சந்து, பாழடைந்து கிடந்தது. கிறிஸ்டைன் ஸ்டெர்லிங் என்ற சீமாட்டி, அந்தத் தெருவில் 1818-ம் வருஷத்து வீடு ஒன்றை இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அதைக் காப்பாற்றக் கிளம்பினார். அதைப் பாராட்டத்தான் வேண்டும். பணக்காரர்களிடம் நன்கொடை வாங்கி, கைதிகளைக் கொண்டு கல் பாவி, 1930-ம் வருஷம் ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவை ஒரு ‘மெக்ஸிகோச் சந்தை’யாகத் திறந்து வைத்தார். சிறு கடைகள், சாப்பாட்டுக் கூடம், கிதார், வர்ணப் பாவாடை கட்டிய பெண்கள், மர நிழலில் தூங்கி வழிகிற ஒரு பழைய உலகம். கூட்டம் அலைமோதியது.

பத்து மாதந்தான் ஆயிற்று. 1931-ம் வருஷம் பிப்ரவரி 26-ந் தேதி, அதே தெரு முனையிலுள்ள மைதானத்தைக் குடியேற்ற அதிகாரிகளும் போலீஸும் வளைத்துக்கொண்டார்கள். சுமார் 400 பேரை உட்கார வைத்துக் காகிதம் எங்கே என்று கேட்டார்கள். பொருளாதார மந்தம் வந்த காலம். வேலையில்லாத் திண்டாட்டத்துக்கு யாராவது ஒருவரைக் கை காட்ட வேண்டுமல்லவா? அந்த வருஷங்களில் லட்சக்கணக்கான மெக்ஸிகோ ஜனங்கள் அமெரிக்காவை விட்டுப் போனார்கள். துரத்தப்பட்டவர்களும் உண்டு, பயந்து போனவர்களும் உண்டு. அவர்களில் எத்தனையோ பேர் அமெரிக்க மண்ணிலேயே பிறந்தவர்கள். சந்தின் உள்ளே கிதார். சந்தின் வாயிலில் ரயிலேற்றுகிற காரியம். இரண்டும் ஒரே சமயத்தில் நடந்திருக்கிறது.

1932-ம் வருஷம் அதே தெருவில் ஒரு மாடிச் சுவரில் சித்திரம் தீட்ட, ஸிக்கெய்ரோஸ் என்ற மெக்ஸிகோ ஓவியரை அழைத்தார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்தார்கள்: ‘வெப்பமண்டல அமெரிக்கா’. பழம், கிளி, கொடி, குலுங்கச் சிரிக்கிற ஜனங்கள் என்று எதிர்பார்த்திருப்பார்கள். மனிதர் காடு வரைந்தார்; இடிந்த கோயில் வரைந்தார்; மத்தியில் என்ன வரைகிறார் என்பதை யாருக்கும் காட்டவில்லை. திறப்பு விழாவுக்கு முந்தின இரவு தனியாக உட்கார்ந்து அதை முடித்தார். மறுநாள் திரையை விலக்கினால், நடுவில் ஓர் ஆதிக்குடி மனிதன் சிலுவையில் அறையப்பட்டுக் கிடக்கிறான். அவன் தலைக்கு மேல் அமெரிக்கக் கழுகு!

கீழே மேஜை போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறவனுக்கு அது எப்படியிருக்கும்? தெருவிலிருந்து பார்வைக்குப் படுகிற பகுதியைச் சில மாதங்களிலேயே வெள்ளையடித்தார்கள், பிறகு முழுவதையுமே. அந்த வெள்ளையும் வெயிலில் கிடந்து உதிர்ந்துகொண்டே வந்து, 1960-களின் கடைசியில் உள்ளேயிருந்து உருவங்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கினவாம். காப்பாற்றுவதற்கு நிபுணர்கள் வந்து, ஜனங்கள் பார்வைக்கு மறுபடி திறந்தது 2012-ல். வரைந்து சரியாக 80 வருஷம்.

இந்த வகை வியாபாரம் உச்சிக்குப் போனது கொலராடோ மாகாணத்தில். 1968-ல் ஓக்லஹோமாவில் ஆரம்பித்த ‘காஸா பொனிடா’ என்ற ஹோட்டல், 1974-ல் டென்வர் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளை திறந்தது. வெளியே இளஞ்சிவப்புக் கோபுரம், 85 அடி. உள்ளே 30 அடி உயரத்தில் ஓர் அருவி! நம் குற்றாலத்து அருவியை ஹோட்டலுக்குள் கொண்டுவந்த மாதிரி. மெக்ஸிகோவின் அகபுல்கோ கடற்கரையில் பாறையிலிருந்து குதிக்கிற வீரர்களைப் போல, சம்பளத்துக்கு ஆட்கள் அந்த அருவிக்குளத்தில் குதிப்பார்கள். மேஜைக்கு மேஜை ஒரு சிறு கொடி. இன்னும் வேண்டுமென்றால் கொடியை ஏற்ற வேண்டும். சாப்பாடு மட்டும் சுமார் என்று அந்த ஊர்க்காரர்களே பல காலம் கேலி பேசினார்கள். ஆனால் சின்ன வயதில் அங்கே போகாத குழந்தை அந்த ஊரில் கிடையாது. 2020-ல் கொள்ளைநோய்க் காலத்தில் மூடியபோது ஊரே வருத்தப்பட்டிருக்கிறது. அந்த ஹோட்டலைப் பார்த்து வளர்ந்த இரண்டு கேலிச்சித்திரப் படக்காரர்கள் அதை விலைக்கு வாங்கி, 2023-ல் மறுபடி திறந்தார்கள். நான் இதைப் பரிகாசமாகச் சொல்லவில்லை. அந்தக் குழந்தைகளின் சந்தோஷம் பொய்யல்லவே.

இதையெல்லாம் படித்து முடித்த சமயத்தில்தான், எங்கள் பக்கத்துக்கே அந்தக் காரியம் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். கிராமத்தைக் கட்டி வைத்துச் சோறு போடுவது இந்தியாவில் புதிதல்ல. ஆமதாபாத்தில் ‘விஷாலா’ 1978-லேயே வந்தது. ஜெய்ப்பூர் ‘சோக்கி தானி’ 1989-ல். நம் கண்ணெதிரே மதுரை–திருநெல்வேலி நாற்கரச் சாலையில் வந்திருப்பதுதான் எனக்குப் புதிது. மருமகன் பொங்கலுக்கு வந்திருந்தபோது, “இந்த வாட்டி நீங்க கூட்டிட்டுப் போங்க மாமா” என்றான். போனோம். அந்த ஹோட்டலின் பெயர் வேண்டாம். அவர்கள் ஒரு குற்றமும் செய்யவில்லை. சாப்பாடு நன்றாகவே இருந்தது.

ஓலைக் கூரை, அதற்கு மேல் மழை ஒழுகாமல் தகரம். வாசலில் வண்டிச் சக்கரம். ஒரு மூலையில் குலுக்கை, இன்னொரு மூலையில் திருகை, உரல், உலக்கை. சுவரில் கமலைச் சால் தொங்குகிறது. வடக்கயிற்றையும் வால்கயிற்றையும் மாற்றிக் கட்டியிருந்தார்கள். தண்ணீர் இறைத்துப் பழகின கைக்கு அது உறுத்தும், மற்றவர்களுக்கு என்ன? மண்சட்டியில் கம்மங்கூழ் வந்தது. கூடவே மோர்மிளகாய், சீனியவரை வற்றல், வெங்காயம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தேன். ருசி மாறவில்லை. ஆனால் எனக்கு என் தாயாரின் கைதான் ஞாபகம் வந்தது.

கம்பு சும்மா சோறாகிவிடுவதில்லை. விடியற்காலம் நாலு மணிக்கே தெருவெல்லாம் உலக்கைச் சத்தம் கேட்கும். தண்ணீர் தெளித்து இடிக்க வேண்டும், புடைக்க வேண்டும், மறுபடி இடிக்க வேண்டும். அதன் பிறகு பருத்தி எடுக்கக் காட்டுக்குப் போக வேண்டும். அம்மாவின் உள்ளங்கை உலக்கை மாதிரியே வழவழப்பாகக் காய்ப்பேறி இருக்கும். நாங்கள் அந்தச் சோற்றை ஆசைப்பட்டுத் தின்றவர்கள் அல்ல. நெல்லுச்சோறு என்றால் தீபாவளி, பொங்கல், கல்யாணம். அந்த நாட்களை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்போம். மெக்ஸிகோவில் பெண்கள் மெத்தாத்தேக்கு முன்னால் மண்டியிட்டு, சுண்ணாம்பு நீரில் வேகவைத்த சோளத்தை நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரம் அரைத்தார்களாம். 1920-களிலும் 30-களிலும் மாவு மில் வந்தபோது, கையால் அரைத்த ருசி போச்சு என்று ஆண்களில் பலர் முணுமுணுத்தார்கள். பெண்கள் மில்லுக்குத்தான் போனார்கள். எங்கள் ஊருக்கு மில் வந்த அன்று என் தாயார் என்ன சொன்னாள் என்று எனக்கு ஞாபகமில்லை. உலக்கையைப் பரண்மேல் போட்டாள். அது மட்டும் ஞாபகமிருக்கிறது.

“மாமா, அந்தக் காலத்து டீக்கடை மாதிரியே வச்சிருக்காங்க பாருங்க” என்று மருமகன் காட்டினான். பெஞ்சு, பாய்லர், பித்தளை டவரா, கண்ணாடிக் கிளாஸ் அடுக்கிய பலகை. நேர்த்தியாகத்தான் இருந்தது. நான் எழுந்து கிட்டே போய்ப் பார்த்தேன். ஒன்று குறைந்தது.

என் சிறுவயதில் எங்கள் ஊர்க் கடையில் பலகையின் மேல் இருந்தது ஒரு வரிசைக் கிளாஸ். வெளியே பந்தல் காலில், கம்பியில் கவிழ்த்து மாட்டியிருந்தது இன்னொரு வரிசை. அதற்கு முந்திய காலத்தில் சிரட்டை. அந்தக் கம்பியிலுள்ள கிளாஸை எடுத்துக் குடித்து, தானே கழுவி, தானே மாட்டிவிட்டுப் போகிறவர்கள் பெஞ்சில் உட்காரமாட்டார்கள். உட்கார முடியாது. 1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்துவிட்டது, கம்பி அசையவில்லை. என்னோடு நாகதாளிப் பழம் தின்ற ஒரு பையன், என் வாயும் அவன் வாயும் ஒரே சிவப்பாக இருந்த ஒரு சாயங்காலம், அவனுடைய ஐயா பின்னால் நின்று அந்தக் கம்பியிலிருந்து கிளாஸை எடுத்ததை நான் பெஞ்சிலிருந்து பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். மறுநாள் முதல் ஓடைக்கரைக்கு அவன் வரவில்லை. நானும் போய்க் கூப்பிடவில்லை.

மருமகனிடம் இதைச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அதை எப்படி மாமா ஹோட்டல்ல மாட்டி வைக்க முடியும்?” என்றான். ஸிக்கெய்ரோஸுக்கு அந்தச் சந்துக்காரர்கள் சொல்லியிருக்கக்கூடிய கேள்விதான். எனக்கும் அதற்குப் பதில் கிடையாது. சாப்பிடுகிற இடத்தில் மனிதனுக்கு நிம்மதி வேண்டும் என்பதும் நியாயந்தானே. அந்தக் கம்பியைச் சுவரில் மாட்டினால் அதையும் படம் பிடித்துக்கொண்டு போவார்களோ என்று வேறு பயமாயிருந்தது.

எங்களுக்குப் பரிமாறிய பையன் பன்னிரண்டு முழ வேட்டி கட்டி, தலையில் சிவப்புத் தலைப்பாகை வைத்திருந்தான். முறைப்படி சுற்றியது அல்ல. தொப்பி மாதிரி தைத்து வைத்தது. எட்டையபுரம் பக்கம் ஊராம்.

“வீட்ல காடு கரை இருக்காப்பா?”

“நாலு ஏக்கர் இருக்கு ஐயா. மானாவாரி.”

“என்ன போட்டிருக்கீங்க, கம்பா?”

“கம்பா?” என்று சிரித்தான். “கம்பு யாரு ஐயா போடுதா? குருவிக்குக் காவல் இருக்க ஆள் வேணுமில்ல. எல்லாம் மக்காச்சோளந்தான். கோழித் தீவனத்துக்கு லாரியில வந்து எடுத்துக்கிடுவாங்க.”

“சாப்பிடுறதுக்கு வச்சுக்கிட மாட்டீங்களா?”

“அதை யாரு ஐயா சாப்பிடுவா?”

எனக்குச் சென்னைத் தட்டு ஞாபகம் வந்தது. அந்த ரொட்டி, அதற்குள் இருந்த கோழி. மருமகன் கொடுத்த பில்லும் ஞாபகம் வந்தது. பையனிடம் ஒன்றும் சொல்லவில்லை. விளைச்சல் எப்படி என்று மட்டும் கேட்டேன். படைப்புழுதான் தொந்தரவு என்றான். 2018-ல் இந்தியாவுக்குள் வந்த புழு அது. அதுவும் அமெரிக்கக் கண்டத்துப் பிறவி, மக்காச்சோளத்தின் பழைய பங்காளி. குருத்துக்குள்ளே இறங்கி உட்கார்ந்துகொண்டு, இலையைச் சல்லடையாகத் துளைத்துவிடும். பயிர் வந்து எத்தனையோ காலத்துக்குப் பிறகு புழு வழி கண்டுபிடித்து வந்திருக்கிறது.

நாங்கள் கை கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது பையனுக்கும் வேலை நேரம் முடிந்துவிட்டது. தலைப்பாகையைக் கழற்றி, கமலைச் சால் தொங்கிய ஆணியில் மாட்டினான். வேட்டியை அவிழ்த்து மடித்து வைத்தான். உள்ளே கால்சராய் போட்டிருந்தான். மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டே, “வாரேன் ஐயா. மருந்தடிக்க வாரேன்னு சொன்ன ஆள் வரல. இருட்டுறதுக்குள்ள நானே போய் ரெண்டு டாங்காவது அடிக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனான்.